அந்த இலக்கத்துக்கு நான் அழைக்கவில்லை

கல்முனையில் போன் திருத்துகிற பிள்ளைகள் பயிற்சி வகுப்பு ஒன்று வைக்கப்போகிறார்களாம். அதற்குச் சின்னப் புத்தகமும் அடிக்கிறார்கள். போன கிழமை இரண்டு பேர் நிந்தவூருக்கு வந்து, "பழைய போன் வாங்கக்குள்ள ஏமாறாம இரிக்கிறது எப்பிடி எண்டு நீங்கதான் காக்கா எழுதணும். உங்கள விட்டா ஆர் இரிக்கா?" என்று கேட்டார்கள். நான் கண் மங்கி, ஈயம் பற்றவைக்கிற கையும் நடுங்கத் தொடங்கியதால் கடையைக் கொடுத்துவிட்டு வீட்டோடு கிடக்கிற ஆள். இப்படி யாராவது வந்து பெரியாளாக்கிக் கதைத்தால் வாய் தானாக ஓம் என்றுவிடும். சொன்ன பிறகு மூன்று நாள் பேனையைத் தொடவில்லை.

கேட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். போனை வாங்கியதும் ஸ்டார் ஹாஷ் சைபர் ஆறு ஹாஷ் அடியுங்கள். பதினைந்து இலக்கம் வரும். பெட்டியில் உள்ளதும் செட்டிங்கில் உள்ளதும் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் வைத்துவிட்டு எழும்புங்கள். தடைப் பட்டியலில் கிடக்கிறதா என்று அந்த இலக்கத்தைக் கொண்டே பார்க்கலாம். போனுக்குள் கிடக்கிற விற்கிறவரின் மின்னஞ்சல் கணக்கை உங்கள் கண் முன்னால் கழற்றச் சொல்லுங்கள். "அன்லொக் பண்ணின போன்" என்றால் அந்த இடத்திலேயே ஒரு தடவை முழுக்க அழித்து, திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். தற்காலிகமாகத் திறந்த பூட்டு என்றால் அப்போதே திரும்ப விழுந்துவிடும். வெளிநாட்டில் தவணைக்கு எடுத்து, மிச்சத்தைக் கட்டாமல் விமானம் ஏறி வருகிற போன்களும் உண்டு. வந்த புதிதில் அழகாக வேலை செய்யும். இரண்டு மூன்று மாதத்தில் ஒரு நாள் விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பிப் பார்த்தால் செத்துக் கிடக்கும்.

நம்மிடத்திலும் கள்ளன்கள் இல்லாமலில்லை. பூட்டு விழுந்த போனை "சேர்வர்ல போட்டுத் திறந்து தாறன்" என்று முற்பணம் வாங்கி, பிறகு "மதர்போட் போயிட்டு" என்று கையை விரிக்கிறவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். திருத்தக் கொடுக்கிறவர்கள் பதினைந்து இலக்கத்தைக் கடைத் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நான் செய்த வேலையைத்தான் இனி எழுதப்போகிறேன். இதைப் புத்தகத்தில் போடுவதும் போடாமல் விடுவதும் பிள்ளைகளின் விருப்பம்.

நான் ரேடியோ திருத்திப் பழகி, கசெட், டெக், டீவி என்று மாறி மாறி, கடைசியில் போனுக்கு வந்தவன். போனுக்கு என்னைக் கொண்டுவந்தவர் சாலி ஹாஜியார். மருதமுனை ஆள். குடும்பம் கைத்தறிக் குடும்பம். இவர் மட்டும் தறியை விட்டுவிட்டுச் சவூதியில் பத்து வருடம் சாரதியாக இருந்துவிட்டு வந்து, கல்முனையில் கடை போட்டார். கடையில் பதினொரு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன்.

ஹாஜியார் போன் வாங்குவதைப் பார்க்கவே கடைக்கு ஆள் வரும். விற்க வந்தவரை முதலில் கதிரையில் இருத்துவார். பிளேன்டீ வரும். குடித்து முடியும் வரை போனைத் தொடமாட்டார். ஊர், வாப்பாவின் பெயர், வயல் இந்த முறை எப்படி என்று கதை போகும். பிறகு லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்து, அதே லேஞ்சியால் போனையும் துடைத்து, இலக்கம் பார்ப்பார். கடைசியில் தன் சிம்மைப் போட்டு வீட்டுக்கு அழைப்பார். "ஓய், சோறாக்கியாச்சா?" மறுபக்கம் ஹாஜியாரின் மனைவி, "ஆக்கியாச்சு ஆக்கியாச்சு, இண்டைக்கு நாலாவது தரம் கேக்கிறீங்க" என்று கத்துவது எங்களுக்கும் கேட்கும். சத்தம் தெளிவு என்றால் போன் நல்லது.

போன் பிழை என்று தெரிந்தால் ஒரு குற்றம் சொல்லமாட்டார். "இதுக்குச் சாமான் வராது தம்பி" என்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பார். வந்தவன் பச்சைக் கள்ளன் என்று எங்களுக்கே தெரியும். அவனுக்கும் அதே இரண்டு கை. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அவன்ட மூஞ்சிக்கு நேர சொல்லியிருக்கலாமே ஹாஜியார், களவுப் போன் எண்டு" என்றேன்.

"நான் பாத்தது போன. ஆள நான் பாக்கல்லியே" என்றார்.

பயந்த மனுசன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் அப்போதைய என் புத்தி.

ஹாஜியாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. கடையை மூடினார். நான் பக்கத்துத் தெருவில் சொந்தமாகக் கடை போட்டேன். முதல் வருடமே ஒருவன் என்னைச் செப்பமாகக் கவிழ்த்தான். ஜித்தாவிலிருந்து நேற்றுத்தான் வந்ததாகச் சொன்னான். கவுண்டரில் ஈச்சம்பழம் ஒரு பக்கட்டை வைத்தான், "உம்ராவில துஆ கேட்டன் காக்கா" என்றான். அந்த ஈச்சம்பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டே போனை வாங்கினேன். அது காரைதீவுப் பக்கம் ஒரு வீட்டில் களவு போனது. பொலிஸ் வந்தது. என்னை நிலையத்தில் மர வாங்கில் இருத்திவிட்டார்கள். பின்னேரம் அசர் தொழுகையிலிருந்து இருட்டி மஃரிப் வரை, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மச்சான் ஒருவன், "என்ன மச்சான், நீயுமா?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குள் புகுந்து புளித்துப்போனது.

அதற்குப் பிறகுதான் நான் அந்த வட்ஸ்அப் குழுவைத் தொடங்கினேன். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை உள்ள போன் கடைக்காரர்கள் எல்லாரும் அதில். போன் கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க, படம் எடுப்போம். சந்தேகம் என்றால் படம் குழுவுக்குப் போகும். மற்றக் கடைக்காரர் உஷாராகிவிடுவார்கள். இரண்டு மூன்று கள்ளன்கள் உண்மையாகவே பிடிபட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் உள்ளவர்கள் கூட என்னைப் பாராட்டினார்கள். என் கண்ணுக்கு ஒருவனும் தப்பமாட்டான் என்று நானே சொல்லித் திரிந்தேன். மண்டைக்கனம் என்றால் அப்படி இப்படி அல்ல.

அந்தக் காலத்தில்தான் ஜெஸீமா வந்தாள்.

அட்டாளைச்சேனையாள். நாற்பது வயதிருக்கும். குவைத்தில் ஒரே வீட்டில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு, இனிப் போவதில்லை என்று வந்து ஒரு மாதமாகிறது. கணவர் விட்டுவிட்டுப் போனவர். ஒரே மகள் றிஸ்னா. எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கட்டி வைக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். அந்த வீட்டைக் கட்டத்தான் இவள் போனாள். வீடு முடிந்து, கல்யாணமும் நிந்தவூரில் பேசி முடிந்திருந்தது. இவ்வளவும் அவள் கதிரையில் இருக்கமாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னவை. நான் கேட்டு அல்ல. சந்தோசத்தில் சொன்னாள்.

கைப்பையிலிருந்து துவாயில் சுற்றிய ஒரு போனை எடுத்தாள். விலையான போன். கீறல் கூட இல்லை.

"இத ஒருக்காத் திறந்து தாங்க காக்கா. மருமகனுக்குக் குடுக்கத்தான் வெச்சிரிக்கன்."

சார்ஜில் போட்டு, கடை வைஃபையைக் கொடுத்தேன். திரையில் அரபியில் ஒரு செய்தி வந்து நின்றது. அதற்குக் கீழே ஒரு குவைத் இலக்கம். குர்ஆன் மதரஸாவில் ஓதின எங்கள் எல்லாருக்கும் அரபியை எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், கருத்துத்தான் வராது. ஆனால் இந்தச் செய்தியை எத்தனையோ போனில் பார்த்தவன் நான். காணாமல் போன போன், கண்டெடுத்தவர் இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்பதுதான் அது. எங்கள் தொழிலில் காணாமல் போனது என்றால் களவு போனது.

"இது ஆர்ர போன்?"

"எங்கட மெடம்ட. அவதான் தந்த."

"தந்தவ பூட்டுப் போட்டா தந்த?"

"அது காக்கா, போன் ஒருக்காத் துலைஞ்சி போச்சி. மெடம் புதுசு எடுத்திட்டா. மறுகா நான் கார் கழுவக்குள்ள சீட்டுக்குக் கீழ கிடந்திச்சி. எடுத்துக் கொண்டுபோய்க் குடுத்தன். நீயே வெச்சிக்க எண்டு சொல்லிட்டா. நான் அங்க பாவிக்கவேயில்ல, பெட்டிக்குள்ள வெச்சிக் கொண்டாந்தன்."

இப்போது எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது! தொலைந்தது என்று மெடம் போட்ட செய்தி, பற்றரி இறங்கிக் கிடந்த போனுக்குப் போய்ச் சேரவில்லை. என் கடையில் இணையம் கிடைத்ததும் சேர்ந்துவிட்டது. நூறு போன் பார்த்தவனுக்கு இது விளங்க வேண்டிய விசயம். ஆனால் கதை சுத்தமாக இருந்தது, அதனால்தான் எனக்குச் சந்தேகம். ஈச்சம்பழக்காரனின் கதையும் சுத்தமாகத்தான் இருந்தது.

"பெட்டி இரிக்கா? பில் இரிக்கா?"

"தந்த சாமானுக்கு ஆரு காக்கா பில் தாறது?"

"சரி, போன் இஞ்ச கிடக்கட்டும். ஐடென்டிய எடுங்க. கடைச் சட்டம், படம் ஒண்டு எடுக்கணும்."

அவள் மறுக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்தாள். அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பாஸ்போட்டுக்கு நிற்கிற மாதிரி நேராக நின்று, "காணுமா காக்கா?" என்று கேட்டாள். கொஞ்சம் சிரித்தாள் என்றும் ஞாபகம். நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

அவள் பஸ் ஏறுவதற்குள் நான் குழுவில் போட்டுவிட்டேன். அவள் படம், போன் திரையின் படம், கீழே என் வசனம்: "இந்தப் பெண் வேலை செய்த வீட்டில் களவெடுத்த போனைத் திறக்கக் கொண்டு வந்தார். கடைக்காரர்கள் கவனம்." களவெடுத்த என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் சிவப்பு அடையாளம் வேறு. அந்தச் சிவப்பைத் தேடி எடுத்து வைத்த விரலை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

மத்தியான லுஹர் தொழுகைக்குள் அது குழுவை விட்டு வெளியே போய்விட்டது. கடைக்காரன் மனைவிக்கு அனுப்பினான், மனைவி குடும்பக் குழுவில் போட்டாள், அங்கிருந்து கட்டாருக்கும் சவூதிக்கும் போய்த் திரும்பி வந்தது. பின்னேரம் அசருக்கு நிந்தவூரில் மாப்பிள்ளை வீட்டில் கிடைத்துவிட்டது. அங்கே அதற்குப் பக்கத்தில் வேறு வசனமும் சேர்ந்திருந்தது. நான் எழுதாதது. ஆனால் எழுதத் தொடங்கிக் கொடுத்தவன் நான்.

அடுத்த நாள் காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் முச்சக்கரவண்டி நின்றது. ஹாஜியார் இறங்கினார். கடை மூடிய பிறகு கல்முனைப் பக்கமே வராதவர், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வந்தார். குழுவிலிருந்து பரவிய படம் அவர் வீட்டுக்கும் போயிருக்கிறது. ஸலாம் சொன்னார். கதிரையில் இருக்கவில்லை.

"அந்த போன் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். லேஞ்சியால் துடைத்தார். திரையில் இருந்த இலக்கத்தைத் தன் போனில் ஒவ்வொன்றாக அடித்தார். வட்ஸ்அப்பில் அழைத்தார். அவருடைய அரபி சாரதி அரபி, ஆனால் ஓடியது. மறுபக்கம் ஒரு பெண் குரல். முதலில் சந்தேகமாகக் கேட்டது. ஜெஸீமா என்ற பெயர் வந்ததும் குரலே மாறியது. சிரித்தது. ஏதோ நீளமாகச் சொன்னது. ஹாஜியார், "நஅம், நஅம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுப் போனைக் கவுண்டரில் வைத்தார்.

"தான் குடுத்ததுதானாம். பூட்டக் கழட்ட மறந்திட்டன், மன்னிச்சிக்கங்க, இப்பவே இஞ்சரிந்து கழட்டுறன் எண்டு சொல்றா. தங்க நகை கிடந்தாலும் எடுத்துத் தாற புள்ளையாம்."

ஐந்து நிமிடம் நாங்கள் இருவரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அரபிச் செய்தி மறைந்தது. புதுப் போன் மாதிரி வணக்கம் சொன்னது. பூட்டு இல்லை, ஒன்றும் இல்லை.

ஒரு அழைப்பு. காசு கூடப் போகாத ஒரு அழைப்பு. இந்த இலக்கத்துக்கு அழையுங்கள் என்று அந்தப் போனே கேட்டது. இருபத்தைந்து வருடம் தொழில் செய்தவனுக்கு அதைச் செய்யத் தோன்றவில்லை. ஏன் என்று பிறகு பல தடவை யோசித்தேன். நேரமில்லாமல் அல்ல. அழைத்தால் அவள் சொன்னது சரியாகிவிடுமோ என்று எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது. ஒரு கள்ளியைப் பிடித்துவிட்ட சந்தோசத்தை விட எனக்கு மனமில்லை. இதைவிட வெட்கமாக ஒன்றை நான் என் வாழ்க்கையில் எழுதியதில்லை.

குழுவில் போட்டதை அழித்தேன். "எல்லாருக்கும் அழி" என்பதை அமத்தினேன். என் குழுவில் அழிந்துவிட்டது. ஊரில் அழியவில்லை.

அந்த முச்சக்கரவண்டியிலேயே இருவரும் அட்டாளைச்சேனைக்குப் போனோம். புதுப் பெயின்ட் மணம் தீராத வீடு. ஜெஸீமா வாசலில் நின்றாள். அவளுக்கு விசயம் போய், மாப்பிள்ளை வீட்டு ஆளும் வந்து கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கதவுக்குப் பின்னால் மகள் அழுவது கேட்டது. எங்களைக் கண்டதும் நின்றுவிட்டது.

நான் போனை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. ஹாஜியார் என் கையிலிருந்து எடுத்து, அதே பழைய மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள்.

"தங்கச்சி, மன்னிச்சிக்கங்க. எனக்குத் தெரியாமப் போச்சி" என்றேன்.

"தெரியாமத்தானே காக்கா கேட்ட? கேட்டதுக்கு நான் சொன்னன்தானே? மறுகா ஏன் கேட்ட?"



"மாப்பிள்ள வீட்டுக்கு நான் போய்க் கதைக்கிறன். மெடம்ட குரலப் போட்டுக் காட்டறன்" என்றார் ஹாஜியார்.

"போய்க் கதையிங்க ஹாஜியார். உங்களுக்காக ஓம் எண்டுவாங்க. மறுகா என்ட புள்ளைக்கு அவங்களோட ஒரு சண்ட வந்தா, கள்ளிட மகள் எண்டு ஒருக்கா வாயில வரும். ஒருக்கா வந்தாக் காணும்."

பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் பெரிய கஷ்டம்.

"நீங்க ஒண்டு செய்யிங்க காக்கா. என்னப் படம் எடுத்த மாதிரி உங்களையும் எடுத்து, ஐடென்டியக் கையில புடிச்சிக்கிட்டு, நான் பொய் எழுதினன் எண்டு போடுங்க. போட்ட அதே இடத்தில."

ஓம் என்றேன். ஹாஜியாரும் சாட்சி. அல்லாஹ்வும் சாட்சி.

கடைக்கு வந்து, படம் எடுத்தேன். அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தால், கள்ளன் மாதிரியே இருந்தேன். நாளைக்கு ஆர் கடைக்கு வருவான் என்று பயம் வந்தது. படத்தை விட்டுவிட்டு, "நேற்றைய பதிவொன்றில் தவறு நேர்ந்துவிட்டது. சம்பந்தப்பட்ட சகோதரியிடம் வருந்துகிறோம். கடை நிர்வாகம்" என்று எழுதிப் போட்டேன். கடை நிர்வாகமாம்! நானும் ஒரு கதிரையும்தான் அந்த நிர்வாகம். எந்தப் பதிவு, எந்தச் சகோதரி என்று அதில் ஒரு எழுத்து இல்லை. ஏழெட்டுப் பேர் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

ஹாஜியார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கதைத்தார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்கள் என்றுகூடச் சொன்னார்கள். கல்யாணம் நடக்கவில்லை. என்னிடம் ஹாஜியார் எதுவும் கேட்கவில்லை, என் கடைக்குத் திரும்ப வரவும் இல்லை. அவர் மௌத்தான அன்று ஜனாஸாவைச் சுமக்கப் போனேன். தோளைக் கொடுக்கத் தைரியம் வரவில்லை, பின்னால் நடந்தேன்.

இனிப் போகமாட்டேன் என்று வந்த ஜெஸீமா அந்த வருடமே குவைத்துக்குத் திரும்பிப் போனாள். அதே வீட்டுக்கு. மெடமே டிக்கட் அனுப்பினாராம், அலுமாரித் திறப்புக் கொத்து இப்போதும் அவள் கையில்தானாம். அவள் களவெடுத்தாள் என்று நான் எழுதிய வீடு அவளை வைத்திருக்கிறது. பிறந்த ஊர்தான் வைத்திருக்கவில்லை. றிஸ்னா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அந்த வீட்டில் ஒரு சாச்சியோடு இருக்கிறாள். மாப்பிள்ளை என்ற கதையே எடுக்க விடமாட்டாளாம்.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு, புத்தகத்துக்காகக் காத்திருப்பது இன்னொரு சாக்கு என்று தோன்றியது. இன்று காலை அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்தேன். அந்தக் குழு இன்னும் இருக்கிறது, நானும் அதில் இருக்கிறேன். என் பெயர், ஊர், ஜெஸீமா களவெடுக்கவில்லை, நான் விசாரிக்காமல் பொய் எழுதினேன், அவள் மகளின் கல்யாணம் அதனால்தான் நின்றது என்று எல்லாவற்றையும் எழுதி, படத்தோடு போட்டேன்.

சில நிமிடத்தில் கல்முனைக் கடைக்காரர் ஒருவர் பதில் போட்டார். "காக்காட இலக்கத்த ஆரோ ஹேக் பண்ணிட்டான். இது மோசடி. ஒருவரும் நம்ப வேணாம்." அந்தப் பதில்தான் லுஹருக்குள் எல்லாக் குழுவுக்கும் போனது. என் மருமகனுக்குக் கட்டாரில் கிடைத்து, அங்கிருந்து பதறிப்போய் அழைத்தான்.

பயிற்சி வகுப்பு நடத்துகிற பிள்ளையும் அழைத்தான். "பயப்படாதீங்க காக்கா, நாங்க எல்லாருக்கும் சொல்லிட்டம். உங்களப் பத்தி ஆரு இப்பிடி எழுதினாலும் ஊர் நம்புமா?"

"மனே, எழுதினது நான்தான்" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்தி, "அப்ப அழிச்சிருங்க காக்கா. இன்னும் ஆரும் நம்பல்ல" என்றான்.

நான் அழிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னது உண்மை. ஜெஸீமாவிடம் நான் கேட்ட மாதிரி என்னிடம் ஒருவரும் பெட்டி கேட்கவில்லை, பில் கேட்கவில்லை.